35 வருஷம் பாதுகாத்தும் மொஹாவி ஆமை ஏன் குறைந்துகொண்டே போகிறது?

#1 செந்தூரன் | லங்காஸ்டர், கலிபோர்னியா

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் பெரும்பாலும் யானை, புலி பற்றித்தான் இழைகள் ஓடுகின்றன. நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு உயிர் கண்ணெதிரே குறைந்து வருவதால் அதைப் பற்றி ஒரு இழை தொடங்குகிறேன்.

கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா நான்கிலும் பரந்து கிடக்கிற மொஹாவி பாலைவனத்தில் ஒரு தரை ஆமை உண்டு. முழுசாக வளர்ந்தால் ஓடு ஒரு அடி நீளம் வரும். கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் மாநில ஊர்வன இதுதான். 1990 ஏப்ரலில் மத்திய அரசு இதை அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தது. 1994-ல் 64 லட்சம் ஏக்கரை முக்கிய வாழிடம் என்று அறிவித்தார்கள். மீட்புத் திட்டம் போட்டார்கள், 2011-ல் அதைத் திருத்தியும் எழுதினார்கள். வேலி, ஆய்வு, வழக்கு எதற்கும் குறைவில்லை.

அப்படியும் 2004 முதல் 2014 வரை எடுத்த கணக்கில் ஐந்து மீட்பு மண்டலங்களில் நான்கில் வளர்ந்த ஆமைகள் குறைந்திருக்கின்றன. எங்கள் மேற்கு மொஹாவியில் அந்தப் பத்து வருஷத்தில் சுமார் பாதியாகிவிட்டது. 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் வனவிலங்கு ஆணையம் இதை "அபாயத்தில் உள்ளது" என்ற நிலையிலிருந்து "அழியும் தறுவாயில் உள்ளது" என்ற நிலைக்கு மாற்ற வாக்களித்தது.

தந்தம் இல்லை, தோல் வியாபாரம் இல்லை, கறிக்காக யாரும் பிடிப்பதில்லை. பிறகு எதனால் சாகிறது? இத்தனை சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட், கலிபோர்னியா

செந்தூரன், கட்டுமானம் நடக்கிற இடங்களில் ஆமை வளைகளைத் தேடிக் குறிப்பதும், ஆமை குறுக்கே வந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதும்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதன் வாழ்க்கைக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பெண் ஆமை முட்டையிடும் பருவத்துக்கு வரவே 12 முதல் 20 வருஷம் பிடிக்கும். ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் நாலு முதல் எட்டு முட்டை. மழை பொய்த்த வருஷம் அதுவும் குறையும். பொரிந்து வருகிற குஞ்சின் ஓடு முதல் ஐந்து வருஷத்துக்கு நம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் கெட்டி. நரி, காக்கை, எறும்பு எல்லாவற்றுக்கும் அது இரை. பொரிந்ததில் மிகப் பெரும்பாலானவை பெரிதாவதே இல்லை.

அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தப்பிப் பிழைத்த சில பெண் ஆமைகள் 50 வருஷம், 60 வருஷம் உயிரோடு இருந்து முட்டையிட்டுக்கொண்டே இருந்ததால்தான் இனம் தழைத்தது. ஆக, வளர்ந்த ஆமை சாகவே கூடாது என்பதுதான் இதன் அடிப்படை விதி. நெடுஞ்சாலையில் லாரி அடித்து ஒரு பெண் ஆமை போனால், அந்த இடத்தை நிரப்ப இன்றைக்குப் பொரிகிற குஞ்சு இன்னும் 15 வருஷம் எல்லாவற்றிடமும் தப்பித்து வர வேண்டும்.

அப்புறம் தண்ணீர். இது தன் வாழ்நாளில் 95 சதவீதத்தை மண்ணுக்கடியில் வளையில் கழிக்கிறது. மழை வரும் முன் வெளியே வந்து தரையில் ஆழமில்லாத குழி பறித்து வைக்கும். மழை பெய்ததும் அந்தக் குழியில் தேங்கும் தண்ணீரில் மூக்கை அமுக்கிக் குடிக்கும். உடல் எடையில் 40 சதவீதம் வரை தண்ணீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்துக்கொண்டு, ஒரு வருஷம்கூட வேறு தண்ணீர் குடிக்காமல் ஓட்டிவிடும். யாராவது கையில் தூக்கினால் பயத்தில் அதை அப்படியே கொட்டிவிடும். படம் எடுத்துவிட்டுப் பத்திரமாகக் கீழே விட்டோம் என்று அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த மழை எட்டு மாதம் கழித்து என்றால் அந்த ஆமை வளைக்குள்ளேயே காய்ந்து செத்துப்போகும். யார் கணக்கிலும் அந்தச் சாவு வராது.

உங்கள் கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. கொல்லவேண்டும் என்று நினைத்து யாரும் கொல்லவில்லை. சாலை, குப்பை, மின்கம்பம், வளர்ப்பு நாய், வெளியிலிருந்து வந்த புல், வீட்டில் வளர்த்துக் காட்டில் விட்ட ஆமையின் சளி நோய், பீரங்கிப் பயிற்சி, மாட்டு மேய்ச்சல் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. மேலே வறட்சி வேறு.

#3 கதிரவன்_பார்ஸ்டோ

அக்கா சொன்ன காக்கை விஷயத்தை நான் விரித்துச் சொல்கிறேன். இங்கே இருப்பது நம்மூர்க் காக்கை இல்லை, ரேவன் என்கிற பெரிய அண்டங்காக்கை. இறக்கையை விரித்தால் நாலடி வரும்.

இந்தப் பறவை இந்தப் பாலைவனத்துக்குப் புதிது இல்லை. ஆனால் முன்பெல்லாம் குறைவாக இருந்தது, காரணம் கோடையில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, கூடு கட்ட உயரமான இடம் கிடையாது. இரண்டையும் நாம் கொடுத்தோம். கழிவுநீர்க் குட்டை, கோல்ஃப் புல்வெளி, மாட்டுத் தொட்டி, மூடியில்லாத குப்பைத் தொட்டி, நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் முயல். கூட்டுக்கு உயர் அழுத்த மின் கோபுரங்கள். 1960-களிலிருந்து மேற்கு மொஹாவியில் இதன் எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிட்டது.

கிரேமர் ஜங்ஷன் பக்கம் 1980-களில் ஒரே கூட்டின் கீழே நான்கு வருஷத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி ஆமை ஓடுகளை ஆய்வாளர்கள் பொறுக்கியிருக்கிறார்கள். அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். முதுகில் ஒரு ஓட்டை, விளிம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும், உள்ளே சுத்தமாகக் காலி. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியதுதான் இருக்கும் ஒவ்வொன்றும்.

ஒரு ஜோடி ரேவன் குட்டி ஆமையைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் சுற்றிலும் ஒரு தலைமுறை முழுக்கக் காணாமல் போகிறது. அந்தப் பகுதியில் நடந்து போனால் கிழட்டு ஆமைகள் கண்ணில் படும், சின்னது ஒன்றுகூடப் படாது. பார்க்கிறவர்கள் "ஆமை இருக்கிறதே" என்பார்கள். அடுத்து வர ஆள் இல்லை என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

#4 ஜெயந்தி.ரா | இர்வைன்

சுட்டுவிட்டால் என்ன? இதை இவ்வளவு காலம் ஏன் பொறுக்கிறார்கள்?

#5 கதிரவன்_பார்ஸ்டோ

வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தில் ரேவனும் பாதுகாக்கப்பட்ட பறவை. அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அனுமதி வாங்கிச் சிலவற்றைக் கொன்றும் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரும் குப்பையும் அப்படியே இருக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்த ஜோடி வந்துவிடும்.

இப்போது செய்வது முட்டைக்கு எண்ணெய் தெளிப்பது. ட்ரோனை மின் கோபுரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கூட்டில் இருக்கும் முட்டைகள்மேல் தெளிக்கிறார்கள். எண்ணெய் ஓட்டின் துளைகளை அடைத்துவிடுவதால் கரு வளராது. தாய்ப் பறவை அது தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும், மறுபடி முட்டையிடாது. ரேவன்கள் ஆமையை அதிகம் பிடிப்பது தங்கள் குஞ்சுக்கு ஊட்டும் பருவத்தில்தான், எனவே குஞ்சு இல்லை என்றால் ஆமைக்கு ஆபத்தும் குறைகிறது. டிம் ஷீல்ட்ஸ் என்ற உயிரியலாளர் இதில் முக்கியமான ஆள். பல வருஷம் ஆமை எண்ணும் வேலையில் இருந்துவிட்டு, எண்ணிக்கொண்டே இருந்தால் போதாது என்று ஹார்ட்ஷெல் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முப்பரிமாண அச்சில் செய்த பொம்மை ஆமையை வெளியில் வைத்து, ரேவன் கொத்தினால் அதன் மூஞ்சியில் திராட்சை வாசனை மருந்து பீச்சுகிற மாதிரியெல்லாம் செய்து பார்த்திருக்கிறார். பறவைகளுக்கு அந்த மருந்து ஆகாது.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட முக்கியம் குப்பைத் தொட்டிக்கு மூடி.

#6 பைக்_பிரபு | விக்டர்வில்

நான் மண்பாதை பைக் ஓட்டுபவன். வார இறுதியில் நண்பர்களோடு போவோம். எப்போது ஆமைப் பேச்சு வந்தாலும் முதல் பழி எங்கள்மேல் விழுகிறது. பார்ஸ்டோ – வேகஸ் பந்தயத்தை 1989-க்குப் பிறகு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதையாக மூடிக்கொண்டே வருகிறார்கள். மேலே செந்தூரன் சொன்னபடி ஆமை அப்படியும் குறைகிறது. அப்போது எங்களைத் துரத்தியதால் என்ன பலன்? ராணுவம் பீரங்கி ஓட்டலாம், சோலார் கம்பெனி சதுர மைல் கணக்கில் வழித்துப்போடலாம், நாங்கள் இரண்டு சக்கரம் ஓட்டினால் குற்றமா? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

#7 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட்

பிரபு தம்பி, நியாயமான கேள்வி. ராணுவம், சோலார் பற்றிய உங்கள் ஆதங்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

ஆனால் வண்டிகளை நிறுத்தினால் பலன் இருக்கிறதா என்பதற்கு நேரடியான ஆதாரம் உண்டு. கலிபோர்னியா சிட்டிக்குப் பக்கத்தில் ஆமைகளுக்கென்றே ஒரு இயற்கைக் காப்பகம் இருக்கிறது, சுமார் 40 சதுர மைல். அங்கே ஆட்டுமந்தை, வண்டி இரண்டும் உள்ளே வராதபடி வேலி போட்டார்கள். வேலிக்கு அடியில் ஆமை போய்வர இடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியையும், வேலி இல்லாத அரசு வாழிடத்தையும், பக்கத்துத் தனியார் நிலத்தையும் ஆமை ஆய்வாளர் கிறிஸ்டின் பெர்ரியின் குழு ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டது. வேலிக்குள் சதுர கிலோமீட்டருக்கு 10.2 ஆமை. வெளியே "முக்கிய வாழிடம்" என்று காகிதத்தில் அறிவித்த நிலத்தில் 2.4. தனியார் நிலத்தில் 3.7.

அதே மண், அதே மழை, அதே வறட்சி. வித்தியாசம் வேலி மட்டும்தான். வளர்ந்த ஆமை சதுர கிலோமீட்டருக்கு 3.9-க்குக் கீழே போனால் ஆணும் பெண்ணும் சந்திப்பதே கஷ்டம், அந்தக் கூட்டம் நிலைக்காது என்று மீட்புத் திட்டம் சொல்கிறது. 1994-ல் அறிவித்த வாழிடத்தின் பெரும்பகுதிக்கு இப்படி ஒரு வேலி கிடையாது. "35 வருஷம் பாதுகாத்தும்" என்று செந்தூரன் தலைப்பு வைத்திருக்கிறார். உண்மையாகப் பாதுகாத்த நிலம் மிகவும் கொஞ்சம்.

பாதையில் மட்டும் ஓட்டுகிறவர்களால் வருகிற சேதம் குறைவுதான். பாதையை விட்டு விலகி ஓடும் டயர் ஒவ்வொன்றும் ஒரு வளையை மூடலாம். அப்புறம் அந்தத் தடத்தில் முதலில் முளைப்பது வெளிநாட்டுப் புல். அது தனிக்கதை.

#8 தாவரன் | செயின்ட் ஜார்ஜ், யூட்டா

அந்தத் தனிக்கதையை நான் சொல்கிறேன், நான் படித்ததும் வேலை பார்ப்பதும் செடிகளோடு.

மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த சிவப்பு புரோம், ஸ்கிஸ்மஸ் போன்ற புற்கள் குளிர்கால மழையில் ஒரே பச்சையாகக் கிளம்பும், மே மாதத்துக்குள் காய்ந்து சருகாகிவிடும். ஆமை இதைத் தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது. பாலைவன இலைகளில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றத் தண்ணீரும் நைட்ரஜனும் வேண்டும். பூக்கும் சின்னச் செடிகளில்தான் அந்தச் சத்து கிடைக்கிறது, காய்ந்த புல்லில் இல்லை. வெறும் புல்லைத் தின்று வளரும் குட்டி ஆமை எடை ஏறாமல் நிற்கிறது. புரோம் கதிரின் முள் வாயிலும் குத்தி நிற்கும்.

அதைவிடப் பெரியது தீ. மொஹாவியில் ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே வெறும் மண் இருக்கும். மின்னல் விழுந்தால் ஒரு புதர் எரியும், அதோடு நின்றுவிடும். இப்போது அந்த இடைவெளி முழுக்கச் சருகுப் புல். எங்கள் ஊருக்கு வடக்கே ரெட் கிளிஃப்ஸ் காப்பகம் 1996-ல் ஆமைக்காகவே ஏற்படுத்தியது. 2005-லும் 2020-லும் அதில் பெரிய பகுதிகள் எரிந்தன. கலிபோர்னியாப் பக்கம் 2020-ல் டோம் தீ, 2023-ல் யார்க் தீ. யார்க் மட்டும் 90,000 ஏக்கருக்கு மேல். வளைக்குள் இருந்த ஆமைகளில் பல பிழைத்தாலும், வெளியே வந்தால் நிழலுக்குப் புதர் இல்லை, தின்ன எதுவும் இல்லை. அடுத்த மழையில் எரிந்த இடத்தில் முதலில் வருவது மறுபடி அதே புல்.

இதற்கு எளிய மருந்து எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. விதை தூவுகிறார்கள், களைக்கொல்லி அடிக்கிறார்கள், சின்னப் பரப்பில் பலன் தெரிகிறது.

#9 அருள்_சூரியசக்தி | சாக்ரமெண்டோ

சோலார் பற்றிச் சொன்னதால் உள்ளே வருகிறேன். அந்தத் துறையில்தான் இருக்கிறேன். நிலக்கரியை நிறுத்தாவிட்டால் இந்தப் பாலைவனமே ஆமைக்குச் சூடு தாங்காத இடமாகிவிடும். முட்டை இருக்கும் மண்ணின் வெப்பத்தை வைத்துத்தான் ஆணா பெண்ணா என்பதே தீர்மானமாகிறது. அதனால் சோலாரை எதிரியாக்குவது சரியில்லை. ஆமைகளை முறையாக இடம் மாற்றிவிட்டுத்தானே வேலை தொடங்குகிறார்கள்?

#10 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட்

அருள், சோலார் வேண்டும், நானும் அதைத்தான் சொல்வேன். "இடம் மாற்றிவிட்டோம்" என்ற வார்த்தையோடு கணக்கு முடிந்துவிடுகிறதே, அதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஃபோர்ட் இர்வின் ராணுவத் தளத்தை விரிவாக்கியபோது 2008-ல் சுமார் அறுநூறு ஆமைகளைத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். அது வறட்சிக் காலம், முயல் குறைந்துபோயிருந்தது. பசித்த கொயோட்டிகள் (இங்குள்ள ஓநாய் இன விலங்கு) ஆமையைக் கொல்ல ஆரம்பித்தன. இடம் மாற்றிய ஆமைகள் மட்டுமில்லை, அங்கேயே இருந்த ஆமைகளும் அதே அளவுக்குச் செத்தன. மனிதக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த இடங்களில் சாவு அதிகம் என்றும் ஆய்வில் தெரிந்தது, நம் குப்பையில் கொயோட்டிகளும் பெருகுகின்றன. அடுத்த கட்ட இடமாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள்.

பிழைத்தவற்றின் கதி என்ன? நான்கு வருஷம் கழித்துக் குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்தார்கள். இடம் மாற்றப்பட்ட ஆண் ஆமை ஒன்றுகூட ஒரு குஞ்சுக்கும் தகப்பனாகவில்லை. எல்லாம் அங்கேயே இருந்த ஆண்களின் குஞ்சுகள். பெண்கள் முட்டையிட்டார்கள், ஆண்கள் உயிரோடு இருந்தும் இனப்பெருக்கக் கணக்கில் இல்லை. "95 சதவீதம் உயிர் பிழைத்தன" என்று எழுதுகிற அறிக்கையில் இது வரவே வராது.

2021-ல் நெவாடாவில் பாரம்ப் பக்கம் ஒரு சோலார் திட்டத்துக்காக 139 ஆமைகளை மாற்றினார்கள். சில வாரங்களில் சுமார் முப்பது செத்துப்போயின, பேட்ஜர் என்ற வளை தோண்டும் விலங்கு தோண்டித் தின்றுவிட்டது. அதுவும் கடும் வறட்சி வருஷம்.

வந்த புதிதில் அந்த ஆமை என்ன செய்கிறது தெரியுமா? தன் பழைய இடத்தைத் தேடி நடக்கிறது. இதற்கு ஒவ்வொரு வளையும், தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு பள்ளமும் நினைவில் இருக்கும். புது இடத்தில் எதுவும் தெரியாது. புதிதாகப் போட்ட வேலி குறுக்கே வந்தால் அதை ஒட்டியே இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று வெயிலில் நடந்துகொண்டிருக்கும். வேலி ஓரத்தில் மண் தேய்ந்து ஒரு பாதையே விழுந்திருக்கும். அதற்காக இப்போது வேலி நெடுக நிழற்கூண்டு வைக்கச் சொல்கிறோம்.

#11 அருள்_சூரியசக்தி | சாக்ரமெண்டோ

தகப்பன் விஷயம் எனக்குப் புதிது. நன்றி அக்கா.

ஐவன்பா சோலார் நிலையம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது எப்படியும் கேட்பீர்கள். மூன்று கோபுரம், லட்சக்கணக்கில் கண்ணாடி, 2014-ல் திறந்தது. கட்டும்போது எதிர்பார்த்ததைவிட ஆமை மிக அதிகமாகக் கிடைக்கவே 2011-ல் வேலையின் ஒரு பகுதியை நிறுத்தவைத்தார்கள். இடத் தேர்வு தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் அது. அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் 2016-ல் பாலைவனத்துக்கென்று தனித் திட்டம் வந்தது. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் அரசு நிலத்தைப் பார்த்து, எங்கே கட்டலாம், எங்கே தொடக்கூடாது என்று முன்கூட்டியே பிரித்தார்கள்.

இப்போது நெவாடாவில் ஜெமினி சோலார் திட்டத்தில் பெரும்பகுதியை புல்டோசரால் வழிக்காமல் செடிகளை உயரம் குறைத்து வெட்டிவிட்டுப் பலகைகளை நட்டிருக்கிறார்கள், ஆமைகள் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தில். கைவிட்ட விளைநிலம், கூரை, வாகன நிறுத்தம் என்று ஏற்கெனவே கெட்டுப்போன பரப்பு நிறைய இருக்கிறது. அங்கே கட்டுவதற்குச் செலவு கூடும், பல துண்டு நிலம் வாங்க வேண்டும், அதனால் கம்பெனிகள் ஒரே மொத்தமாகக் கிடைக்கும் அரசு நிலத்துக்குப் போகின்றன. இதை உள்ளிருந்து சொல்கிறேன்.

#12 சுகந்தி_வேகஸ்

எங்கள் வீட்டில் ஒரு ஆமை இருக்கிறது. முறைப்படி தத்தெடுத்தது. கொல்லையில் வளை கட்டிக் கொடுத்திருக்கிறோம். நெவாடாவில் 2013 முதல் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். ஆணும் பெண்ணும் சேர்த்து வைத்துக் குஞ்சு பொரிக்கவிடக் கூடாது.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். வேகஸ் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் வளர்ப்பு ஆமைகள், தத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். காட்டில் ஆமை இல்லை என்கிறீர்கள். இவற்றைக் காட்டில் விட்டால் என்ன?

#13 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட்

விடவே கூடாது சுகந்தி. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி மூச்சுப்பாதையில் வருகிறது. மூக்கு ஒழுகும், கண் வீங்கும், மோப்பம் போய்விடும், தீனி தேடத் தெரியாமல் மெலிந்து சாகும். 1980-களின் கடைசியில் நான் மேலே சொன்ன வேலிக் காப்பகத்திலேயே இந்த நோய் பரவி ஏராளமானவை செத்தன. வளர்ப்பு ஆமைகளைக் கொண்டுவந்து விட்டதுதான் காட்டில் நோய் பரவ முக்கிய வழி என்று கருதுகிறார்கள். வேலியால் அதைத் தடுக்க முடியவில்லை.

வேகஸில் இதற்கென்றே இருந்த ஆமை மையம் கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் கொண்டுவந்து விட்ட வளர்ப்பு ஆமைகளால் நிரம்பி, பணம் போதாமல் 2014-ல் மூடப்பட்டது. காட்டு ஆமைக்குப் போக வேண்டிய பணம் அங்கே போயிற்று. நீங்கள் வைத்திருக்கிற மாதிரி ஒன்றைக் கடைசிவரை நன்றாக வைத்திருப்பது பெரிய உதவி. அது உங்களுக்குப் பிறகும் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

#14 தமிழினியன் | சென்னை

இங்கேயும் இதே கேள்வி வரும். விமான நிலையத்தில் கடத்தல்காரர்களிடம் பிடிபடும் நட்சத்திர ஆமைகளை "காட்டில் விட்டார்கள்" என்று செய்தி வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். 2019-ல் அதைப் பன்னாட்டு வணிகத் தடையின் முதல் பட்டியலுக்கு மாற்றிய பிறகும் கடத்தல் நிற்கவில்லை. எங்கிருந்து பிடித்தது, நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது என்பது மலர்விழி சொல்வதைப் படிக்கும்போது நன்றாகப் புரிகிறது.

ஒரு கேள்வி: குஞ்சுகளைக் கூண்டில் வளர்த்து, காக்கை கொத்த முடியாத அளவு வந்ததும் விடலாமே?

#15 கதிரவன்_பார்ஸ்டோ

செய்கிறார்கள். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம், ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் தளம், மொஹாவி தேசியக் காப்பகத்தில் ஐவன்பா ஆய்வு நிலையம். முட்டையிடும் பெண்ணைப் பிடித்து வந்து, இட்டதும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குஞ்சுகளை முதல் குளிர்காலத்தில் உறங்கவிடாமல் சூடான அறையில் வைத்துத் தீனி போட்டால் காட்டில் பல வருஷம் எடுக்கும் வளர்ச்சி சீக்கிரம் வந்துவிடும். ஓடு நாலு அங்குலம் பக்கம் வந்து கெட்டியானதும் விடுகிறார்கள். பிழைக்கும் விகிதம் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அவை முட்டையிட இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்த நிலம் இருக்க வேண்டுமே.

#16 பைக்_பிரபு | விக்டர்வில்

வேலிக் கணக்கு, 10.2-க்கு 2.4, எனக்கு யாரும் இதற்கு முன் சொன்னதில்லை. எங்கள் குழுவில் பகிர்ந்திருக்கிறேன். அங்கே பாதி பேர் திட்டுகிறார்கள், பரவாயில்லை. நடைமுறையில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

#17 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட்

பகிர்ந்ததே பெரிய விஷயம் தம்பி. பலகை வைத்த பாதையை விட்டு இறங்காதீர்கள். வசந்த காலத்திலும், கோடை மழை பெய்த உடனேயும் மெதுவாக ஓட்டுங்கள், அப்போதுதான் அவை வெளியே நடமாடும். வண்டியை நிறுத்தினால் நிழலுக்காக ஆமை அடியில் வந்து படுத்துக்கொள்ளும். கிளப்பும் முன் குனிந்து நாலு சக்கரத்தின் பின்னாலும் பாருங்கள். நாயைக் கட்டி வையுங்கள். சாப்பிட்ட மிச்சத்தைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஆமைக்கு என்று தண்ணீரும் ஊற்றாதீர்கள், அதைக் குடிக்க ரேவன்தான் வரும்.

நடுச்சாலையில் நிற்கிற ஆமையை மட்டும் எடுக்கலாம். இரண்டு கையாலும் தரையை ஒட்டித் தாழ்வாக, சாய்க்காமல் தூக்கி, அது எந்தப் பக்கம் பார்த்துப் போனதோ அந்தப் பக்கம் சாலையைத் தாண்டி நிழலில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாலை என்றதும் ஒன்று. நெடுஞ்சாலை 58-ல் வேலி போட்ட பகுதியில் அடிபட்டுச் செத்த ஆமைகள் 93 சதவீதம் குறைந்தன. சன்னக் கம்பிவலை, ஒரு அடி மண்ணுக்குள், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக மேலே. அடியில் சிறுபாலம் இருந்தால் அதன் வழியாகப் போய்வரப் பழகிக்கொள்கின்றன. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. வெள்ளம் அரித்த இடத்தில் வலையைத் திரும்பப் புதைக்க வருஷா வருஷம் ஆள் வேண்டும், அவ்வளவுதான். வேலியில்லாத சாலையில் இரண்டு பக்கமும் 400 மீட்டர் வரை ஆமை குறைவாக இருக்கிறது.

#18 செந்தூரன் | லங்காஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. எனக்கு உடனடியாக ஒரு உதவி வேண்டும். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய சோலார் திட்டத்தின் சுற்றுச்சூழல் வரைவறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வந்திருக்கிறது. "ஆமையைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை என்று தெரிகிறது. என்ன எழுத வேண்டும்?

#19 மலர்விழி | ரிட்ஜ்கிரெஸ்ட்

கேள்வியாக எழுதுங்கள். கேள்விக்கு அவர்கள் இறுதி அறிக்கையில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், பாராட்டுக்கும் கோபத்துக்கும் அப்படியில்லை.

ஆமைகளைக் கொண்டுபோய் விடப்போகும் நிலத்தில் இப்போது எத்தனை இருக்கின்றன, அங்கே நோய்ச் சோதனை நடந்ததா, அந்த நிலத்தில் நாளைக்கு வேறு திட்டம் வராது என்பதற்கு என்ன உறுதி என்று கேளுங்கள். முந்தைய குளிர்காலத்தில் மழை இல்லை என்றால் இடமாற்றத்தைத் தள்ளிப்போடுவார்களா என்று கேளுங்கள், ஃபோர்ட் இர்வினையும் பாரம்பையும் பெயர் சொல்லியே எழுதுங்கள். டிரான்ஸ்மிட்டர் ஒட்டி எத்தனை வருஷம் பின்தொடர்வார்கள்? ஐந்துக்குக் குறைவென்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆண்கள் இனப்பெருக்கத்தில் சேர்ந்தார்களா என்று மரபணுச் சோதனை உண்டா? தூசி அடக்கத் தெளிக்கும் தண்ணீர் குட்டையாகத் தேங்காமல் இருக்க என்ன ஏற்பாடு, மின் கோபுரத்தில் ரேவன் கூடு கட்டினால் யார் பொறுப்பு, ரேவனைக் கட்டுப்படுத்தும் வட்டார நிதிக்குப் பணம் கட்டுகிறார்களா? அணுகு சாலைக்கு வேலியும் வேக வரம்பும் உண்டா? நிலத்தை வழிக்காமல் செடியை வெட்டிவிட்டுப் பலகை நட ஏன் முடியாது? இதே மின்சாரத்தைப் பழைய விளைநிலத்தில் எடுக்கும் மாற்று வழியை ஏன் விரிவாக ஆராயவில்லை?

கடைசிக் கேள்விக்கு அருள் உதவுவார் என்று நினைக்கிறேன், செலவுக் கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

#20 அருள்_சூரியசக்தி | சாக்ரமெண்டோ

கண்டிப்பாக. செந்தூரன், அறிக்கையின் மாற்று வழிகள் அத்தியாயத்தை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். மின்தொடருக்கு இணைப்பு தரும் துணைமின் நிலையம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பழைய விளைநிலம் முடியுமா முடியாதா என்று சொல்ல முடியும்.

#21 செந்தூரன் | லங்காஸ்டர்

அனுப்பிவிட்டேன் அருள். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் என் வரைவை இங்கே போடுகிறேன், மலர்விழி அக்கா ஒருமுறை படித்துப் பாருங்கள். பிரபு, உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அதற்குத் தனி மதிப்பு இருக்கும்.

#22 பைக்_பிரபு | விக்டர்வில்

நான் போடுகிறேன். இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கிறேன். அணுகு சாலைப் பகுதியை நான் எழுதித் தரட்டுமா? அந்தப் பாதை எனக்கு நன்றாகத் தெரியும், மழைக்குப் பிறகு எங்கே தண்ணீர் நிற்கும் என்பதுகூட.